இலையை அளந்து, வாகு பார்த்து: ஹெம்ப் ரகம் உருவாக்கத் தொடங்குபவர்களுக்கு

கஞ்சாச் செடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஏழு விரல் இலைதான். சட்டையில், சாவிக்கொத்தில், சுவரில் என்று எங்கும் அதே இலை. ரகம் உருவாக்க வருபவர்களும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அகல இலை என்றால் இண்டிகா, ஒல்லி இலை என்றால் சட்டைவா என்று பிரித்துவிட்டு, இலையை வைத்தே செடிக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பருவம் முழுக்க அதில் வீணாய்ப் போனது. எப்படிப் போனது என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் செடியை வளர்ப்பது பல நாடுகளில் குற்றம். அனுமதிக்கும் நாடுகளிலும் உரிமம், விதை ஆதாரம், டிஹெச்சி (செடியிலுள்ள போதை தரும் வேதிப்பொருள்) பரிசோதனை என்று கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வரம்பு 0.3 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.2 ஆக இருந்த வரம்பு 2023 முதல் 0.3 ஆனது. உரிமம் இல்லாமல் ஒரு விதையைக்கூடத் தொட வேண்டாம். அடுத்தது பெயர். ஹெம்ப்பைத் தமிழில் சணல் என்று எழுதினால் கோணிப்பை தைக்கும் சணலும், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையும் வந்து குறுக்கே நிற்கும். அவை மூன்றும் மூன்று வேறு செடிகள். அதனால் நார், விதை, மருந்து ஆகியவற்றுக்காக உரிமத்தோடு வளர்க்கும் கஞ்சா இனச் செடியை இங்கே ஹெம்ப் என்றே சொல்கிறேன்.

இலை எதைச் சொல்லாது

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடிக்கு. இன்னொரு தாவரவியலாளரான லமார்க் 1785இல் இண்டிகா என்று தனியே பிரித்தது இந்தியாவிலிருந்து போன செடிகளை. வேடிக்கை என்னவென்றால் அவை ஒல்லி இலைச் செடிகள். குட்டையான, அகல இலைச் செடியை இண்டிகா என்று அழைக்கும் வழக்கம், 1970களில் தாவரவியலாளர் ரிச்சர்டு எவன்ஸ் ஷுல்ட்ஸ் குழுவினர் ஆப்கானிஸ்தான் செடிகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த பிறகுதான் பரவியது. லமார்க் இன்று எழுந்து வந்தால், தன் இண்டிகாவை ஊரே சட்டைவா என்று அழைப்பதைக் கேட்டு விழிப்பார். தாவரவியலாளர்கள் எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் க்ரான்க்விஸ்டும் 1976இல் எல்லாவற்றையும் ஒரே இனத்துக்குள் அடக்கினார்கள். வகை பிரிக்க அவர்கள் போட்ட 0.3 சதவீதக் கோடுதான் பின்னாளில் பல நாட்டுச் சட்டங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எனவே குறிப்பேட்டில் இண்டிகா, சட்டைவா என்று எழுதாதீர்கள். அகல இலை, ஒல்லி இலை என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள், போதும்.

பெயர் மட்டும் குழப்பம் என்றால் பரவாயில்லை. இலைக்கும் வேதிப்பொருளுக்கும் உறவு இருப்பதாக நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரு செடி டிஹெச்சி பக்கமா, போதை தராத சிபிடி பக்கமா, இரண்டும் கலந்ததா என்பது பெரும்பாலும் ஒரே மரபிடத்தை, அதாவது குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்று 2003இல் ஆய்வாளர் டி மெய்யரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். இரண்டாம் தலைமுறையில் 1:2:1 என்ற கணக்கில் அது பிரிகிறது. இலையின் அகலமோ பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்யும் அளவு. ஒரு மலைப்பகுதியில் பல நூறு ஆண்டுகள் தனித்திருந்த நாட்டு ரகத்தில் அகல இலையும் குறிப்பிட்ட ஒரு மணமும் சேர்ந்தே இருக்கும், சரி. அது உறவினர்கள் ஒரே வீட்டில் இருப்பது மாதிரி. இரண்டு ரகங்களைக் கலந்து பேரப்பிள்ளைகளை விதைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு திசையில் போய்விடும். அகல இலையும் ஒல்லி இலையும் எந்த வேதிப்பொருளோடும் வரும். அதற்குப் பரிசோதனைக் கூடம் மட்டுமே வழி.

அப்படியானால் இலையை ஏன் பார்க்க வேண்டும்? செலவில்லாமல், செடியைக் கொல்லாமல், பூக்கும் முன்பே அளக்க முடிகிற பண்பு அது. கலப்பு நடந்ததா என்று சொல்லும். ரகம் ஒரே சீராக இருக்கிறதா என்று காட்டும். புது ரகத்தைப் பதிவு செய்யும்போதும் கேட்பார்கள். தாவர ரகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான யூபோவ் ஹெம்ப்புக்காக 2012இல் வெளியிட்ட சோதனை விதிகளில் சிற்றிலைகளின் எண்ணிக்கை, நடுச்சிற்றிலையின் நீளம், அகலம், காம்பின் நிறம், தண்டின் தடிமன், கணுவிடை (இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டு) நீளம், செடியின் உயரம் எல்லாம் இடம்பெறுகின்றன.

எந்த இலை?

ஹெம்ப் இலை ஒரு கூட்டிலை. காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து விரல்கள் மாதிரி பிரிவது ஒவ்வொன்றும் ஒரு சிற்றிலை. முளைத்து வரும் இரண்டு வித்திலைகள் ஓரம் மழமழவென்று இருக்கும். அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்து வரும் முதல் இணை உண்மை இலைகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு சிற்றிலை. அதற்கு மேல் மூன்று, அப்புறம் ஐந்து, ஏழு, சில ரகங்களில் ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையில் ஏறும். பூக்கும் கட்டம் நெருங்கும்போது அதே படிக்கட்டில் இறங்கும். பூங்கொத்துக்குள் இருக்கும் குட்டி இலைகளுக்கு மறுபடி மூன்று, கடைசியில் ஒன்று.

எண்ணிக்கை மட்டுமல்ல, அமைப்பும் மாறும். கீழ்க் கணுக்களில் இலைகள் நேருக்கு நேராக இணையிணையாக இருக்கும். மேலே போகப்போக ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். செடி முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். இரண்டு வரிசைகளில் ஒன்றை ஏறத்தாழ பத்து நாள் முன்னதாக விதைத்திருந்தேன். ஒரே நாளில் இரண்டிலும் கைக்கு எட்டிய உயரத்தில் இலை பறித்து அளந்தேன். ஒன்று அகலம், மற்றது ஒல்லி என்று முடிவு கட்டி, அகலமான வரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த பருவத்தில் மிஞ்சியிருந்த விதைகளை ஒரே நாளில் விதைத்து ஒரே கணுவில் அளந்தபோது இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நான் அளந்தது ரகத்தை இல்லை, வயதை.

ஆக விதி எளிது. எல்லாச் செடியிலும் ஒரே கணு, ஒரே வளர்ச்சி நிலை. வித்திலையை விட்டுவிட்டு, முதல் இணை இலையை ஒன்று என்று எண்ணி மேலே போங்கள். நான் ஏழாம் அல்லது எட்டாம் கணுவில் அளக்கிறேன். அதற்கு மேல் குறைந்தது இரண்டு கணுக்கள் வந்த பிறகே அந்த இலை முழுதாக விரிந்திருக்கும். எந்தக் கணு என்பது முக்கியமில்லை. எடுத்த கணுவைப் பருவம் முழுக்க, வருடா வருடம் மாற்றாமல் இருப்பது முக்கியம். முதன்மைத் தண்டிலிருந்து மட்டும் எடுங்கள். பக்கக் கிளையின் இலை வேறு கணக்கு.

அளப்பது

கருவி பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு அளவுகோல், வெள்ளைத் தாள், பென்சில், செடிக்குச் செடி எண் எழுதிய சீட்டு. காகிதம் வருடும் கருவி (ஸ்கேனர்) இருந்தால் இலையை அதன்மேல் அளவுகோலோடு கவிழ்த்து ஒரு படம் எடுத்துவைத்துவிடலாம். சந்தேகம் வந்தால் பிறகு மறுபடி அளக்க முடியும். வாடிய இலை சுருங்கிப் பொய் சொல்லும். காலையில் பறித்து உடனே அளப்பது நல்லது.

நடுச்சிற்றிலையின் நீளம், அதன் மிக அகலமான இடத்தில் அகலம், இரண்டையும் எடுத்து நீளத்தை அகலத்தால் வகுத்துவிடுங்கள். 12 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம் என்றால் விகிதம் 8: ஒல்லி இலை. அதே 12 செ.மீ. நீளத்துக்கு 4 செ.மீ. அகலம் என்றால் 3: அகல இலை. விகிதம் ஏன் என்றால், உரம் அதிகம் கிடைத்த செடியில் நீளமும் அகலமும் சேர்ந்தே கூடும். விகிதம் அந்த அளவுக்கு ஆடாது. இந்த ஒரு எண்ணே பாதி வேலையை முடித்துவிடும்.

கூடவே சிற்றிலை எண்ணிக்கை, நடுச்சிற்றிலையின் ஒரு ஓரத்தில் எத்தனை பற்கள், காம்பின் நீளம், காம்பில் ஊதாச் சாயல் உண்டா, பக்கத்துச் சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளலாம். ஊதா நிறத்தை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். இரவில் குளிர் கூடினாலோ மணிச்சத்து குறைந்தாலோ இயல்பாகப் பச்சையாக இருக்கும் காம்புகூடச் சிவக்கும்.

ஒரு வரிசைக்கு எத்தனை செடி? ஐந்து செடியை அளந்துவிட்டு முடிவெடுப்பவர்களைப் பார்க்கிறேன். இருபதுக்குக் கீழே போகாதீர்கள். சராசரியோடு, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் எழுதுங்கள். ஒரே சராசரி உள்ள இரண்டு வரிசைகளில் ஒன்று 5 முதல் 6 வரைக்குள் அடங்கியிருக்கலாம், மற்றது 3 முதல் 9 வரை பரந்திருக்கலாம். தேர்ந்தெடுக்க இடம் இருப்பது இரண்டாவதில்தான். முதலாவது ஏற்கெனவே ஒரு நிலைக்கு வந்துவிட்டது.

செடியின் வாகு

இலை அடையாளம் என்றால், வாகுதான், அதாவது உயரமும் கிளையுமாகச் செடி நிற்கும் உருவம்தான் விளைச்சல். நாருக்கு வேண்டியது கிளையில்லாமல் நெடுநெடுவென்று போகும் ஒல்லித் தண்டு, நீண்ட கணுவிடை. விதைக்கு வேண்டியது அறுவடை இயந்திரத்துக்கு எட்டும் உயரம், ஒரே சமயத்தில் முதிரும் கதிர். மருந்துப் பூவுக்கு வேண்டியது கனத்தைத் தாங்கும் கிளைகள், காற்று புகுந்து வெளியேற இடம். அடர்ந்த பூங்கொத்தும் அகல இலைகளும் நெருங்கிக் கிடந்தால் ஈரம் தங்கிச் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். இந்த மூன்றையும் ஒரே செடியில் தேடாதீர்கள், கிடைக்காது.

அளக்க வேண்டியவை: தரையிலிருந்து நுனி வரை உயரம், மொத்தக் கணுக்கள், நடுத்தண்டில் ஒரு கணுவிடையின் நீளம், தரையிலிருந்து 10 செ.மீ. மேலே தண்டின் விட்டம், கிளைகளின் எண்ணிக்கை, கிளை தண்டோடு சேரும் கோணம். அறுவடைக்குப் பிறகு தண்டைக் குறுக்கே வெட்டி உள்ளே குழலாக இருக்கிறதா, மென்மையான தண்டுச் சோற்றால் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உயரத்தை மட்டும் எழுதினால் ஏமாறுவோம். 20 கணுக்களோடு 2 மீட்டர் இருக்கும் செடியும் 30 கணுக்களோடு 2 மீட்டர் இருக்கும் செடியும் ஒன்றல்ல. முதலாவது நீட்டி வளர்வது, இரண்டாவது நெருக்கி வளர்வது.

இலையைவிட வாகு சூழலுக்கு அதிகம் வளைந்து கொடுக்கும். நார்ப் பயிரில் சதுர மீட்டருக்கு நூற்றுக்கும் மேல் செடிகள் நிற்கும். நெருக்கத்தில் கிளை விட இடமே இருக்காது. அதே விதையைச் சதுர மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் புதர்போல் படரும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்த ஒருவர் இரண்டும் வேறு ரகம் என்று சத்தியமே செய்வார். நிழலில் கணுவிடை நீளும். காற்றில் ஆடி ஆடித் தண்டு தடிக்கும். வயல் ஓரத்துச் செடிகளுக்கு வெளிச்சமும் சத்தும் கூடுதலாகக் கிடைப்பதால் எப்போதும் அழகாகத்தான் தெரியும். அவற்றை அளவில் சேர்க்கவே கூடாது. ஒப்பிடும் வரிசைகளை ஒரே இடைவெளியில் நட்டு, ஒவ்வொன்றையும் வயலில் இரண்டு மூன்று இடங்களில் சிதறி நடுவது பாதுகாப்பு. எந்த நெருக்கத்தில் அளக்கிறீர்களோ அந்த நெருக்கத்துக்குத்தான் தேர்வும் செல்லும். நாருக்கு ரகம் உருவாக்குகிறவர் தள்ளித்தள்ளி நட்டுத் தேர்ந்தெடுத்தால் அவர் தேர்ந்தெடுப்பது வேறு எதையோ.

அப்புறம் பால். பெரும்பாலான ரகங்களில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் செடி சற்று உயரமாக, ஒல்லியாக வளர்ந்து, முன்னதாகப் பூத்து, மகரந்தம் உதிர்ந்ததும் காய்ந்துவிடும். ஆணையும் பெண்ணையும் ஒரே சராசரியில் போட்டால், வரிசையில் ஆண் எத்தனை விழுந்தது என்பதைத்தான் அளந்திருப்பீர்கள். தனித்தனி அட்டவணை போடுங்கள்.

வாகுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் இன்னொன்று பூக்கும் காலம். ஹெம்ப் பகல் குறையும்போது பூக்கும் செடி; பூக்கத் தொடங்கியதும் உயரம் கூடுவது சீக்கிரம் நின்றுவிடும். பின்லாந்தின் ஃபினோலா குட்டையாக இருப்பதற்கும், ஹங்கேரியின் கொம்போல்ட்டி நெடிதாக வளர்வதற்கும் பெரிய காரணம், ஒன்று முந்திப் பூக்கிறது, மற்றது பிந்திப் பூக்கிறது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் தானாகப் பூக்கும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அத்தகைய செடியோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய கால்வாசிச் செடிகள் முந்திப் பூத்துக் குட்டையாக நின்றுவிடும். அவற்றைத் தனியாக ஒதுக்காமல் வாகைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். குட்டை வாகு என்று நீங்கள் நினைப்பது வெறும் அவசரப் பூவாக இருக்கும்.

விசித்திர இலைகள்

வாத்தின் பாதம் மாதிரி சிற்றிலைகள் ஒட்டிய இலை, பெரணி மாதிரி நறுக்கிய இலை, இது கஞ்சாவே இல்லை என்று சொல்லத்தக்க சின்னச் சின்ன இலை, ஒரே கணுவில் இரண்டுக்குப் பதில் மூன்று இலை. புதியவர்களுக்கு ஆசை பொங்கும் இடம் இது. ஆசைப்படும் முன் அது மரபணுவின் வேலைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலந்திப் பேன் வகைகள் தாக்கினால் இலை முறுக்கிக்கொள்ளும். பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்தாலும் இலை திரிந்து போகும். பூத்த செடியை மறுபடி இலை விடும் நிலைக்குத் திருப்பினால் ஒற்றைச் சிற்றிலைகள் கோணல்மாணலாக வரும். அது நோயும் இல்லை, மரபணு மாற்றமும் இல்லை, சில வாரங்களில் சரியாகிவிடும். வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) தொற்றிய செடி குட்டையாகிக் கிளைகள் கிடைமட்டமாக நீளும், ஒடித்தால் சட்டென்று முறியும்; அதை நல்ல வாகு என்று எண்ணிப் பதியன் எடுத்துத் தோட்டம் முழுக்கப் பரப்பியவர்கள் உண்டு. கணுவுக்கு மூன்று இலை என்பதும் பல சமயம் உயரம் போனதும் மறைந்து இரண்டுக்கே திரும்பிவிடும். விதையில் மீண்டும் வந்தால்தான் அது பண்பு. அதுவரை அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

ஒட்டிய இலை போன்றவை ஒரே மரபணுவின் ஒடுங்கு பண்பாக நடந்துகொள்கின்றனவா என்று சோதிப்பது எளிது. ஒட்டிய இலைச் செடியைச் சாதாரண இலைச் செடியோடு கலக்கிறீர்கள். முதல் தலைமுறை முழுக்கச் சாதாரண இலையாக வரும். அதைப் பார்த்து மனம் உடைந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அந்தத் தலைமுறையின் ஆணையும் பெண்ணையும் கலந்தால் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றுக்கு ஒட்டிய இலை வர வேண்டும். 80 நாற்றுகளில் 60 சாதாரணம், 20 ஒட்டியது என்பது எதிர்பார்ப்பு. 57, 23 என்று வந்தால்? எதிர்பார்ப்புக்கும் வந்ததற்கும் வித்தியாசம் 3; அதன் வர்க்கம் 9. ஒன்பதை 60ஆல் வகுத்தால் 0.15, 20ஆல் வகுத்தால் 0.45, கூட்டினால் 0.6. இது புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் எல்லையான 3.84ஐத் தாண்டாதவரை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கோடு முரண்பாடில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை விதை போட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு ஒடுங்கு பண்பைக் குறைந்தது ஒரு செடியிலாவது காண 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 11 செடிகள் போதும். ஒட்டிய இலையும் வேண்டும், தானாகப் பூக்கவும் வேண்டும் என்று இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே செடியில் தேடினால் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அதே உறுதிக்கு 47 செடிகள் வேண்டும். கிடைக்கும் அந்த ஒன்று ஆணா பெண்ணா என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே நூறு விதைக்குக் குறையாமல் திட்டமிடுங்கள்.

இந்த விசித்திர இலைகளுக்கு அழகைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. ஒட்டிய இலைப் பெண் செடியைத் தாயாக வைத்து, ஒட்டிய இலைப் பண்பை மறைவாகவும் சுமக்காத சாதாரண இலை ஆணின் மகரந்தத்தைப் போட்டீர்கள் என்று வையுங்கள். விதைகளை முளைக்க விட்டால் எல்லா நாற்றும் சாதாரண இலையாக இருக்க வேண்டும். நடுவில் ஒட்டிய இலை நாற்று எட்டிப் பார்த்தால், தாய் தன் செடியிலேயே தோன்றிய ஆண் பூவிலிருந்தோ, தன்னைப் போன்ற ஒட்டிய இலை ஆணிடமிருந்தோ மகரந்தம் வாங்கிவிட்டது என்று பொருள். சில இணை இலைகள் வருவதற்குள் கலப்பின் தூய்மை தெரிந்துவிடும், பரிசோதனைக் கூடம் போகத் தேவையில்லை. வெளியிலிருந்து வேறொரு சாதாரண ஆணின் மகரந்தம் வந்திருந்தால் மட்டும் இது காட்டிக்கொடுக்காது.

அகல இலையிலோ ஒல்லி இலையிலோ இப்படிச் சுத்தமான கணக்கு கிடைக்காது. முதல் தலைமுறை பெரும்பாலும் நடுவாந்தரமாக வரும். இரண்டாம் தலைமுறை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை படிப்படியாகப் பரவும். அங்கே எண்ணிப் பயனில்லை, விகிதத்தை அளந்து வரிசைப்படுத்த வேண்டியதுதான். இன்னொரு பொறியும் உண்டு: கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிய செடிகளின் இலை தடித்து அகலமாகும். வழக்கமான செடிக்கு 20 குரோமோசோம்கள், அதற்கு 40. எங்கிருந்தோ வந்த அகல இலைச் செடி உங்கள் செடிகளோடு சேர மறுத்தாலோ, சேர்ந்தும் விதை சரியாகப் பிடிக்கவில்லை என்றாலோ இதையும் சந்தேகப்படுங்கள்.

கழிப்பதும் வைப்பதும்

வேண்டாத செடிகளைக் கழிப்பது மூன்று தடவை நடக்கும். நாற்றுப் பருவத்தில் நோஞ்சான்களும் தவறான இலை வடிவங்களும் போகும். பூக்கும் முன் வாகு பார்த்து ஒரு சுற்று. அறுவடையில் பூவும் விதையும் பரிசோதனை முடிவும் பார்த்துக் கடைசிச் சுற்று. நடுச்சுற்றுதான் மிக முக்கியம், ஏனென்றால் ஆண் செடிகளைக் கழிக்க வேறு நேரமே கிடையாது. ஒரு மோசமான ஆண் பூத்துவிட்டால் அதன் மகரந்தம் வயலில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேரும். காற்றில் போகும் மகரந்தம் அது. பல கிலோமீட்டர் போகும்.

இதை வைத்துத்தான் ஜெர்மானியரான குஸ்டாவ் பிரெடெமான் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு அருமையான வழியைக் கண்டுபிடித்தார். நிற்கும் ஆண் செடியின் தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை எடுத்து நார் எவ்வளவு என்று பார்ப்பது. மறு பாதி உயிரோடு நிற்கும். பூப்பதற்குள் முடிவு வந்துவிடும். நார் குறைந்த ஆண்களை வெட்டிவிட்டு, நல்லவற்றை மட்டும் பூக்க விடுவது. நார் அளவு இதனால் தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது. இலையையும் வாகையும் ஆணிடம் நேரடியாகவே பார்க்கலாம் என்பதால் நமக்கு அவ்வளவு பாடுகூடக் கிடையாது. கணுவில் ஆண் மொட்டு தெரிந்ததும் அளவெடுத்து, வேண்டாததை அன்றே அகற்றிவிடுங்கள். பூவின் தரத்தை மட்டும் ஆணில் பார்க்க முடியாது; அதன் பெண் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அப்பனுக்கு மதிப்பெண் போட வேண்டும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை, மிகச் சிறந்த ஒரு ஆண், மிகச் சிறந்த ஒரு பெண் என்று இரண்டே செடிகளுக்குச் சுருங்கிவிடுவது. இயல்பிலேயே பிற செடியோடு சேரும் பயிர் இது. நெருங்கிய உறவுக்குள் இரண்டு மூன்று தலைமுறை போனால் வீரியம் இறங்கும்: முளைப்பு குறையும், செடி மெலியும், விதை சிறுக்கும். 200 செடிகளை விதைத்தால் கடைசியில் 20, 30 செடிகளாவது பெற்றோராக மிஞ்சட்டும். தேர்வு கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும், நகரட்டும்.

ஒரே சமயத்தில் எட்டுப் பண்புகளைத் துரத்தாதீர்கள். ஒவ்வொன்றிலும் மேல் பாதியை மட்டும் வைப்பது என்று போனால், எட்டாவது பண்புக்கு வரும்போது 200இல் ஒரு செடி மிஞ்சினாலே அதிசயம். வாகுக்கு ஒன்று, பூக்கும் காலத்துக்கு ஒன்று, விளைச்சலுக்கு ஒன்று, மூன்று போதும். இலை விகிதத்தை அடையாளமாக மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். அதற்காகச் செடியைக் கழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு தலைமுறையிலும், வைத்துக்கொண்ட செடிகளின் ஏழாம் கணு இலை ஒன்றைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டிவையுங்கள். செடி எண், விதைத்த நாள், பறித்த நாள், தாய், தந்தை, நட்ட இடைவெளி எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். எழுதுவது பென்சிலாக இருக்கட்டும். வயலில் தொங்கும் சீட்டில் பேனா மை இரண்டு மழைக்குத் தாங்காது, 'ஆ' என்று எழுதியிருந்தேனா 'அ' என்று எழுதியிருந்தேனா என்று பிறகு வரிசையில் நின்று யோசிக்க வேண்டிவரும்.